களைவதும் காப்பதும்

கரிசற் காட்டிலே களையெடாத புன்செய் விளைவதில்லை; பயிரறியாதவன் கையிற் களைக்கொட்டைக் கொடுத்தாலும் விளைவதில்லை. கோவிற்பட்டிச் சீமையில் உழவர் யாவரும் அறிந்த இவ்வுண்மை, பல்லாயிரவர் கூடி எழுதும் அறிவுக் களஞ்சியம் ஒன்றில் எளிதில் மறக்கப்படுகின்றது.

முன்னைய களஞ்சியங்களில் எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்னும் பொறுப்புப் பதிப்பாசிரியரைச் சார்ந்தது. 1910-இல் வெளிவந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும், 1954 முதல் பெரியசாமித் தூரன் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்த கலைக்களஞ்சியமும் அவ்வகையின. 2001-இல் தோன்றி, 2003 முதல் தமிழிலும் வளர்ந்து வரும் விக்கிப்பீடியாவிலோ எவரும் எழுதலாம். ஆகவே, எதை நீக்குவது என்னும் வழக்கு ஆண்டு நாடோறும் நிகழ்கின்றது.

இவ்வழக்கில் இரு சாரார் உளர். ஒரு சாரார், ‘ஏட்டைப்போல் இங்கே இடத்திற்குப் பஞ்சமில்லை, உண்மையாயின் இருக்கட்டும்’ என்பர். மற்றவர், ‘சார்பற்ற நூல்களோ இதழ்களோ போதிய அளவு எழுதாத பொருளுக்குத் தனிக் கட்டுரை வேண்டா’ என்பர். பின்னவர் கூற்றைப் புறக்கணித்தலாகாது. 2005-ஆம் ஆண்டில், ஜான் சீகன்தாலர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய்யுரை ஒன்று, ஏறத்தாழ நான்கு திங்கள் அக்களஞ்சியத்தில் நீங்காது நின்றது. களையெடாமையின் பயன் அது.

அளவுகோல் தவறுவதும் உண்டு. டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்னும் பௌதிக அறிஞரைப் பற்றிய ஆங்கில வரைவு, அவர்தம் சிறப்பினைக் காட்டப் போதிய சான்று இல்லையென்று 2018 மே மாதம் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது!

பல்கலைக்கழகப் பேராசிரியர்க்கே இந்நிலை எனின், நம் கண்மாய்க்கும், ஊர்த்தெய்வத்திற்கும், சிறுவர் ஆடிய ஆட்டத்திற்கும் எவர் சான்று எழுதி வைத்தனர்? அச்சேறாத ஒரே காரணத்தால் அவை இல்லாதன ஆகிவிடுமா? வாய்மொழியையும் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினாவை 2011-இல் அச்சல் பிரபாலா என்பார் எழுப்பி, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிராமத்தார் கூற்றுகளைப் பதிவு செய்து காட்டினார். களஞ்சியத்தார் பலர் அதற்கு இசைந்திலர். ஒருவர் சொல்லை மற்றொருவர் ஒப்பிட்டு நோக்க வழி வேண்டுமன்றோ என்பது அவர் வாதம். அதுவும் நேரிய வாதமே.

இவ்விரண்டினுக்கும் இடையே ஒரு வழியை நம் சீமையே காட்டியுள்ளது. இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். உழவர் நாவில் மட்டும் உலவிய சொற்கள் அன்றுமுதல் மேற்கோள் காட்டத்தக்கன ஆயின. வாய்மொழிக்கும் களஞ்சியத்திற்கும் இடையே நிற்க வேண்டியது இத்தகைய நூலே.

கோதுமையினிடையே களை முளைத்த உவமையை நாம் திருமறையிற் படித்திருக்கின்றோம். களையைப் பிடுங்குங்கால் கோதுமையும் வேரோடு வந்துவிடலாகாதென்று, அறுப்புக் காலம்வரை இரண்டையும் விட்டுவைக்கப் பணித்தான் நிலத்துக்குடையவன். நாடோறும் மக்கள் படிக்கும் களஞ்சியம் அத்துணைக் காலம் பொறுத்திருத்தல் இயலாது. ஆயினும் அவன் கொண்ட அச்சம் நீக்குவோர் நெஞ்சிலும் இருத்தல் வேண்டும். நீக்குமுன் தமிழ் நூல்களிலும் சான்று தேடுக, எழுதியவரை வினவுக, தவணை கொடுக்க. நீக்கிய பக்கத்தை நிர்வாகிகள் பின்னர் மீட்டல் கூடும்; மனமுடைந்து அகன்ற புது எழுத்தாளரை மீட்பது அரிது.

எழுதுவோர்க்கும் கடமையுண்டு. ‘எங்கள் ஊரில் எல்லாரும் அறிவர்’ என்பது சான்றாகாது. நம் கலாசாலை மாணாக்கர் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், முதியோரை அணுகித் தம் ஊர்க் கண்மாயின் வரலாற்றையும், மடைகளின் பெயர்களையும், அற்றுப்போன பயிர் வகைகளையும் கேட்டறிவாராக. சொன்னவர் இசைவு பெற்று, அவர் பெயரும் நாளும் குறித்து, ஊர் ஆவணங்களோடு ஒத்துப்பார்த்து அச்சேற்றுவாராக. நீக்கப்பட்ட கட்டுரைக்காக வழக்காடுவதினும் இது கடினமான வேலை. ஆனால் முதியோர் மறையுமுன் செய்து முடிக்க வேண்டிய வேலை.