ஒரே மருந்து, வெவ்வேறு நீதி

இத்தாலியின் மருந்துக் கடைகளில் வெட்டுக்காயத்துக்கும் தோல் புண்ணுக்கும் 'ட்ரோஃபோடெர்மின்' என்று ஒரு மருந்து கிடைக்கிறது. களிம்பாகவும் வரும், ஸ்பிரேயாகவும் வரும். அதில் குளோஸ்டெபால் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கு அது தடை செய்யப்பட்ட பொருள். 2016-ல் அங்கே மலைப் பயிற்சியில் இருந்த நார்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை தெரேசா யோஹாக்கின் உதடு வெயிலில் வெந்துபோக, அணியின் மருத்துவரே இந்தக் களிம்பை வாங்கிக் கொடுத்தார். சோதனையில் அவர் சிக்கினார். நார்வேயில் விதிக்கப்பட்ட 13 மாதத் தடையை, மேல்முறையீட்டில் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றம் 18 மாதமாக உயர்த்தியது. 2018 குளிர்கால ஒலிம்பிக் வாய்ப்பு அதோடு போயிற்று. 2022 ஆகஸ்டில் அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் அதே குளோஸ்டெபாலுக்காகப் பிடிபட்டார். படர்தாமரைக்கு எடுத்த மருந்தில் இருந்தது என்றார். அவருக்கு 80 ஆட்டங்கள் தடை. அதாவது அரை சீசன். 2024 மார்ச்சில் டென்னிஸ் வீரர் யானிக் சின்னரின் இரண்டு மாதிரிகளிலும் அதே பொருள். அவருடைய பிசியோதெரபிஸ்ட் தன் விரல் காயத்துக்கு ட்ரோஃபோடெர்மின் ஸ்பிரேயை அடித்துக்கொண்டு, வெறுங்கையால் மசாஜ் செய்ததில் அது வீரரின் உடலுக்குள் போயிருந்தது. சின்னர் மீது தவறில்லை என்று முதலில் முடிவானது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான 'வாடா' மேல்முறையீடு செய்தது. 2025 பிப்ரவரியில் சமரசமாக மூன்று மாதத் தடையை அவர் ஏற்றார். தடை முடிந்து அவர் திரும்பியபோது பிரெஞ்ச் ஓபன் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

மூன்று வழக்குகளும் அச்சு அசலாக ஒன்றல்ல. யோஹாக் தன் உதட்டில் தானே தடவிக்கொண்டார். அட்டைப்பெட்டியில் எச்சரிக்கை இருந்தும் அதைப் பார்க்கவில்லை. சின்னருக்கோ ஸ்பிரே விஷயமே தெரியாது என்பதை விசாரித்தவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே இவரைச் செல்வாக்கு காப்பாற்றியது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஊக்கமருந்து விதிகளின் எழுத்து எல்லோருக்கும் கடுமையாகத்தான் இருக்கிறது; அதன் சுமை மட்டும் ஏன் ஆளுக்கு ஆள், விளையாட்டுக்கு விளையாட்டு மாறுகிறது? சிக்கிய வீரரின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது பெருமளவு மாறுகிறது என்பது என் வாதம். விதியைத் தளர்த்துவது இதற்குத் தீர்வாகாது. விதி செயல்படும் முறையைச் சமன் செய்யவேண்டும்.

விதி கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1998 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓர் அணியின் காரிலிருந்து மருந்துகள் பிடிபட்ட ஊழலுக்குப் பிறகு, 1999-ல் வாடா உருவானது. 2004-ல் அதன் பொது விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை ஒரே வரிதான்: உடலுக்குள் இருந்தால், எப்படி வந்தது என்று விளக்கவேண்டிய பொறுப்பு வீரருடையது. இது அநியாயம் என்பவர்கள் பென் ஜான்சனை நினைத்துப் பார்க்கவேண்டும். 1988 சோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய அவர், ஸ்டனோசோலால் பிடிபட்டபோது யாரோ தன் பானத்தில் கலந்துவிட்டார்கள் என்றார். மறு ஆண்டு கனடா அரசின் விசாரணையில் பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு எடுத்துவந்ததை ஒப்புக்கொண்டார். 'எனக்குத் தெரியாது' என்ற ஒரு வார்த்தைக்கு வழிவிட்டால் எந்த வழக்கும் நிற்காது. விதி கடுமையாக இருந்தும்கூட சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தாண்டி ஏழு டூர் பட்டங்களை வைத்திருந்தார். 2012-ல் அவரை வீழ்த்தியதில் சோதனைக் குழாயைவிடச் சக வீரர்களின் வாக்குமூலங்களுக்கே பெரும்பங்கு. ஆகவே நிரூபிக்கும் பொறுப்பு வீரரிடம் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் நிரூபிப்பதற்குப் பணம் வேண்டும். மருந்து எந்த வழியாக உடலுக்குள் வந்தது என்று காட்ட வேதியியல் நிபுணர் வேண்டும், தனி ஆய்வகம் வேண்டும், இந்தத் துறையிலேயே பழகிய வழக்கறிஞர் வேண்டும். எல்லாம் உடனே வேண்டும். சின்னர் தரப்பு மருந்தின் மூலத்தை உடனடியாக அடையாளம் காட்டியது. தற்காலிகத் தடைகள் சில நாட்களிலேயே நீங்கின. அவர் தொடர்ந்து ஆடினார். ஆகஸ்டில்தான் செய்தியே வெளியானது. அதே டென்னிஸில், அதே அமைப்பின் கீழ், பிரிட்டனின் இரட்டையர் வீராங்கனை டாரா மூர் 2022-ல் தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டார். கொலம்பியாவில் சாப்பிட்ட இறைச்சிதான் காரணம் என்ற அவருடைய வாதத்தை ஏற்று முதல் தீர்ப்பு வர ஏறத்தாழ 19 மாதங்கள் ஆயின. பிறகு மேல்முறையீட்டில், 2025-ல், அந்தத் தீர்ப்பு தலைகீழாகி நான்கு ஆண்டுத் தடை வந்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்பதை விட்டுவிடுவோம். முதல் தீர்ப்புக்கே 19 மாதம் ஆடாமல் காத்திருப்பது, சில ஆண்டுகளே நீளும் ஒரு விளையாட்டு வாழ்க்கையில் தண்டனைக்கு முந்தைய தண்டனை.

நம் நாட்டிலும் இதே கதைதான். 2010-ல் காமன்வெல்த், ஆசிய விளையாட்டுகள் இரண்டிலும் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியின் வீராங்கனைகள் சிலர் 2011-ல் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மாத்திரையில் கலப்படம் இருந்தது என்றார்கள். இந்தியாவில் ஓராண்டுத் தடை. சர்வதேசத் தடகள சம்மேளனத்தின் மேல்முறையீட்டில் அது இரண்டாண்டானது. லண்டன் ஒலிம்பிக் போயிற்று. 2019-ல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா இருமல் மருந்துகளில் இருக்கும் டெர்புடலினால் சிக்கினார். ஸ்டீராய்டோடு ஒப்பிட்டால் இது சிறிய தவறு. தண்டனை குறைந்ததைக் குறைசொல்லவில்லை. சோதனை பிப்ரவரியில் நடந்தது, எட்டு மாதத் தடை ஜூலை இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் கணக்கு மார்ச்சிலிருந்தே தொடங்கியது. அந்த இடைவெளியில் அவர் ஐபிஎல் ஆடி முடித்திருந்தார். விசாரித்ததும் தேதியைக் குறித்ததும் அவருக்கு ஊதியம் தரும் கிரிக்கெட் வாரியமேதான். தங்கியிருக்கும் இடத்தை முன்கூட்டியே தெரிவிக்கும் விதியை அந்த வாரியம் பல ஆண்டுகள் ஏற்க மறுத்து, தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான 'நாடா'வின் கீழ் வந்தது இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, 2019 ஆகஸ்டில்தான். ஓட்டப்பந்தய வீராங்கனைக்கு அன்றாடக் கடமையாக இருந்த ஒன்று கிரிக்கெட் வீரருக்கு அந்தரங்க மீறலாகப் பட்டிருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இந்தியாவின் நோய் கலப்படமல்ல, வேண்டுமென்றே எடுப்பது என்பார்கள். உண்மைதான். வாடாவின் கணக்குப்படி 2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 214-ல் தடைப்பொருள் இருந்தது, 3.8 சதவீதம். அதிக அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இவ்வளவு உயர்ந்த விகிதம் வேறெங்கும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா அதிகாரிகள் வந்திருக்கும் செய்தி பரவியதும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியின் தொடக்கக் கோட்டுக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். இப்படிப்பட்ட இடத்தில் நியாயமான விசாரணை பற்றிப் பேசுவது ஆடம்பரமா? இல்லை என்றே நினைக்கிறேன். மைதானத்தை விட்டு ஓடிய அந்த இளைஞர்களில் பலருக்கு ஒரு பதக்கம் என்பது விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல் துறையிலோ ஒரு வேலை. அதாவது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. ஊசியை வாங்க அவர்களுக்கு யாரோ வழிகாட்டியிருக்கிறார்கள். சிக்கும்போது தடைப் பட்டியலில் ஏறுவது வீரர் பெயர் மட்டும். வழிகாட்டியவர் அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விடுகிறார். விதிப்படி பயிற்சியாளரையும் மருத்துவரையும் தண்டிக்கலாம். நடைமுறையில் சிறுநீர் கொடுப்பவர் மட்டுமே எளிதாக அகப்படுகிறார்.

இன்னொரு மறுப்பு பணக்கார லீக்குகளிடமிருந்து வரும். அமெரிக்க பேஸ்பாலில் தண்டனை, வீரர்களின் சங்கமும் நிர்வாகமும் பேசி முடித்த ஒப்பந்தம். வாடாவின் தொகுப்பில் அவர்கள் கையெழுத்திடவில்லை. தொழிலாளர் உரிமை என்ற அளவில் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கும் பேஸ்பாலே சாட்சி: 2005-க்கு முன்பு அங்கே முதல் முறை சிக்கியவருக்கு ஒரு நாள்கூட இடைநீக்கம் கிடையாது. ஸ்டீராய்டு யுகம் என்றே அந்தக் காலத்துக்குப் பெயர் வந்தது. இன்று அங்கே முதல் தவறுக்கு 80 ஆட்டம். ஒலிம்பிக் வீரர் வேண்டுமென்றே எடுத்ததாக முடிவானால் நான்கு ஆண்டு. விளையாட்டை நடத்தி லாபம் பார்ப்பவரும் தண்டனையைத் தீர்மானிப்பவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில் இந்த இடைவெளி குறையாது. எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டால் சமமாகிவிடுமே என்பவர்களும் உண்டு. அதற்கென்றே 'என்ஹான்ஸ்டு கேம்ஸ்' என்ற போட்டியையும் அறிவித்தார்கள். வைட்டமின் என்று சொல்லிச் சிறுமிகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த கிழக்கு ஜெர்மனியின் வரலாறு அதற்குப் போதுமான பதில். அனுமதி வந்தால் வேண்டாம் என்று சொல்லும் உரிமைதான் முதலில் பறிபோகும்.

ஆகவே செய்யவேண்டியவை எளியவை, செலவு வைப்பவை. எந்த விளையாட்டானாலும் தற்காலிகத் தடை விழுந்த நாளிலிருந்து முதல் தீர்ப்பு வரை ஒரு காலவரம்பு வேண்டும். வசதியற்ற வீரருக்கு வழக்கறிஞரும் ஆய்வகப் பரிசோதனையும் கிடைக்க, ஒளிபரப்பு உரிமையில் கோடிகளை ஈட்டும் அமைப்புகள் பங்களிக்கும் பொது நிதி வேண்டும். தொட்ட கையிலிருந்தும் தின்ற இறைச்சியிலிருந்தும் வரக்கூடிய பொருள்களுக்கு, வேண்டுமென்றே எடுத்ததிலிருந்து பிரித்தறியும் குறைந்தபட்ச அளவுகளை இன்னும் விரிவாக வகுக்கவேண்டும். இந்தியாவில் ஒரு பயிற்சி முகாமிலிருந்து ஒருவருக்கு மேல் சிக்கினால், அந்த முகாமின் பயிற்சியாளர், மருத்துவர் மீது தானாகவே விசாரணை தொடங்கவேண்டும். 2022-ல் நிறைவேறிய தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் இதற்கெல்லாம் ஓர் அடித்தளம். அதன் மேல் கட்டிடம் எழவேண்டும். அப்போது, சின்னரின் பிசியோதெரபிஸ்ட் விரலில் இருந்த மருந்தைச் சில நாட்களில் கண்டுபிடித்த அதே அறிவியல், ஒரு சிற்றூர் ஓட்டக்காரியின் மாத்திரை டப்பாவையும் அதே வேகத்தில் திறந்து பார்க்கும். அவள் பொய் சொல்லியிருந்தால் அதுவும் அந்த வேகத்திலேயே தெரிந்துவிடும்.