முந்திக் கண்டால் பிழைக்குமா?

எந்தப் புற்றுநோயானாலும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் குணமாக்கிவிடலாம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவமனை விளம்பரங்கள் அதைச் சொல்கின்றன, படித்தவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், மறுத்துப் பேச ஆளில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் அது உண்மைதான். அதையே கைக்குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா வரை நீட்டியபோது, நோவில்லாமல் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைகள் அறுவை மேசையில் கிடத்தப்பட்டன.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். கருவில் பரிவு நரம்பு மண்டலமாக வளர வேண்டிய செல்கள் முதிராமலே பெருகிக் கட்டியாகின்றன. பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பியில் தொடங்கும். இந்தச் செல்கள் அட்ரீனலின் வகைச் சுரப்புகளை உண்டாக்குவதால், அவற்றின் சிதைவுப் பொருள்கள் சிறுநீரில் கலக்கும். அவற்றை அளந்தால் நோய் வெளிப்படும் முன்பே கட்டியைப் பிடித்துவிடலாம்.

ஜப்பான் இதைச் செய்து பார்த்தது. 1974-ல் கியோட்டோவில் தொடங்கிய சோதனை, 1980-களின் நடுவில் நாடு முழுவதற்குமான திட்டமானது. ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரை வடிதாளில் நனைத்துப் பெற்றோர் தபாலில் அனுப்பினால் போதும். ஊசி கிடையாது, வலி கிடையாது. கட்டிகள் ஏராளமாகக் கிடைத்தன. அறுவையும் கீமோவும் நடந்தன. அப்படிக் கண்டறியப்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன. இதைவிட என்ன சான்று வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடிய வகை நோய் பத்துக் குழந்தைகளுக்கு வந்து ஐந்து பிழைத்தால், பிழைப்பு 50 சதவீதம். தானாகவே மறைந்துவிடக்கூடிய கட்டி உள்ள இன்னும் பத்துக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பட்டியலில் சேர்த்தால், இருபதில் பதினைந்து பிழைத்ததாகி 75 சதவீதம் ஆகிவிடும். இறந்த குழந்தைகள் அதே ஐந்துதான்.

தானாக மறையும் புற்றுநோயா என்று கேட்கலாம். இந்த நோயில் அது நடக்கிறது. வேறு காரணங்களால் இறந்த பச்சிளங் குழந்தைகளின் அட்ரீனல் சுரப்பியில், நோயாக வெளிப்படும் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகமாக இத்தகைய நுண்கட்டிகள் இருப்பதை பெக்வித், பெரின் என்ற மருத்துவர்கள் 1963-லேயே எழுதினார்கள். 1971-ல் ஆட்ரி எவன்ஸும் அவருடைய சகாக்களும், கல்லீரலுக்கும் தோலுக்கும் பரவிய பிறகும் பல கைக்குழந்தைகளில் தானாகச் சுருங்கும் ஒரு தனி வகையை அடையாளம் காட்டினார்கள். ஆக, ஒரே பெயரில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று தானாக அடங்கும். மற்றொன்று, குறிப்பாக எம்.ஒய்.சி.என் மரபணு பல பிரதிகளாகப் பெருகிய வகை, வெறியோடு வளரும். ஆறாம் மாதச் சோதனை பிடித்தது பெரும்பாலும் முதலாவதை. இரண்டாவது, சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகு, இரண்டு மூன்று வயதில் வந்து தாக்கியது.

இதை உறுதிசெய்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2002-ல் வெளியாயின. கனடாவின் கியூபெக்கில் சோதனைக்குப் பின் நோய் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டித்தது, இறப்பு குறையவில்லை. ஜெர்மனியில் சுமார் 14.7 லட்சம் குழந்தைகளை ஒரு வயதில் சோதித்தார்கள். சோதனை நடந்த மாநிலங்களில் நியூரோபிளாஸ்டோமாவால் இறப்பு லட்சத்துக்கு 1.3, நடக்காத மாநிலங்களில் 1.2. ஜப்பான் 2004-ல் தன் தேசியத் திட்டத்தை நிறுத்தியது. பின்னர் 2008-ல், இறப்பு குறைந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். அவர்கள் ஒப்பிட்டது சோதனைக்கு முந்தைய காலத்துக் குழந்தைகளோடு. இடைப்பட்ட ஆண்டுகளில் சிகிச்சையே வெகுவாக முன்னேறிவிட்டதால், அந்த ஒப்பீட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

சோதித்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். கைக்குழந்தையின் வயிற்றைத் திறப்பது சிறிய காரியமா? சிறுநீரகம் பறிபோகலாம். சிஸ்பிளாட்டின் மருந்து செவித்திறனைக் கெடுக்கலாம். கீமோவின்போது வரும் தொற்று உயிரையே எடுக்கலாம். அமெரிக்காவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் சிறிய அட்ரீனல் கட்டிகளைத் தொடாமல், ஸ்கேனும் சிறுநீர்ச் சோதனையும் செய்து கண்காணித்தார்கள். ஐந்தில் நான்கு குழந்தைகளுக்குக் கத்தியே தேவைப்படவில்லை என்று 2012-ல் அறிவித்தார்கள். காத்திருப்பதும் சிகிச்சைதான் என்று பெற்றோரிடம் சொல்ல மருத்துவருக்குத் துணிவு வேண்டும். அதைக் கேட்கப் பெற்றோருக்கு அதைவிடத் துணிவு வேண்டும்.

நான் எதிர்ப்பது நோவற்ற குழந்தையில் நோயைத் தேடுவதை. நோவுள்ள குழந்தையைத் தாமதப்படுத்தச் சொல்லவில்லை. வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலோ, ஓடியாடிய பிள்ளை காரணமில்லாமல் நொண்டினாலோ, கால் எலும்பு வலிக்கிறது என்று இரவில் அழுதாலோ, அடிபடாமலே கண்களைச் சுற்றிக் கருநீலம் படர்ந்தாலோ, வெளிறி இளைத்தாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். கால்கள் திடீரென்று தளர்ந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம். இப்படி நோவுள்ள குழந்தைக்கு அதே சிறுநீர்ச் சோதனை அருமையான கருவி. ஸ்கேன், பயாப்ஸி, எலும்பு மஜ்ஜைச் சோதனை, இந்தக் கட்டியைப் படத்தில் காட்டும் எம்.ஐ.பி.ஜி ஸ்கேன் எல்லாம் அதற்குத் துணை.

கொடிய வகைக்கு இன்று கீமோ, அறுவை, சொந்த ஸ்டெம் செல்லைத் திரும்பச் செலுத்துதல், கதிர்வீச்சு, பிறகு ஜி.டி2 என்ற இலக்கைத் தாக்கும் எதிர்ப்புரத மருந்து என்று நீண்ட சிகிச்சை இருக்கிறது. இவ்வளவும் செய்தும் அதில் பாதிக் குழந்தைகளைத்தான் காப்பாற்ற முடிகிறது. மற்றப் பாதியின் வீடுகளுக்குப் போய், "முன்னாடியே கவனிச்சிருந்தா பிள்ளை பொழைச்சிருக்கும்மா" என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்லும் உறவுகளை நாம் அறிவோம். லட்சக்கணக்கான குழந்தைகளை முன்கூட்டியே சோதித்த ஜெர்மனியால்கூட அந்த இறப்பைக் குறைக்க முடியவில்லை. அந்தத் தாய் மேல் பழி போடாதீர்கள்.