தராசு இல்லாத வீட்டில் சத்து மாவுக்கு அளவு



“தினமும் ரெண்டு வேளை தவறாமத்தானே குடிக்கிறேன் டாக்டர்!” என்று கண் கலங்கிச் சொன்னாளாம் அந்தப் பெண். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் என் உறவினர் வீட்டு மருமகள். ஆறு மாதம். எடை ஏறவில்லை என்று போன மாதம்தான் புரோட்டீன் பவுடர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலையில் 10 கிராம், மாலையில் 10 கிராம், பாலில் கலந்து. ஒரு மாதம் கழித்துப் போனால் எடை ஏறியதாகவே காணோம்!

நான் போயிருந்த அன்று வீட்டில் இதே பேச்சுதான். மாமியாருக்கு மருமகள் மேல் சந்தேகம், மருமகளுக்கு மருந்தின் மேல் சந்தேகம். “டப்பாவைக் கொண்டா பார்ப்போம்” என்றேன். 200 கிராம் டப்பா. “எத்தனை நாளாச்சு திறந்து?” என்று கேட்டேன். “சரியா ஒரு மாசம் வந்துச்சு அத்தை. நேத்துதான் தீர்ந்துச்சு” என்றாள் பெருமையாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 20 கிராம் என்றால் 200 கிராம் டப்பா பத்தே நாளில் தீர்ந்திருக்க வேண்டும். முப்பது நாள் வந்திருக்கிறது என்றால், சாப்பிட்டது மூன்றில் ஒரு பங்குதான்! டப்பாவோடு வந்த கரண்டி எங்கோ தொலைந்துவிட்டது. காபிப் பொடி டப்பாவில் கிடந்த சின்ன ஸ்பூனால் போட்டிருக்கிறாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. ஸ்பூன்தான் பொய் சொல்லிவிட்டது.

“அப்போ பெரிய ஸ்பூனால குமிச்சுப் போட்டுடலாமே” என்றார் மாமியார். சந்தைக்கு வந்துவிட்டு, சாமை விற்க வாசலில் உட்கார்ந்திருந்த வெள்ளிமலைக்காரப் பாட்டி சிரித்துவிட்டார். “ஏம்மா, சாமையை மட்டும் படியில தலை தட்டி அளந்து வாங்குறீங்க. புள்ளத்தாச்சி சாப்புடுறதைக் குமிச்சு அளக்கலாமா?” என்றார். எவ்வளவு சரியான பேச்சு! குவித்தால் ஒருவர் கைக்கு ஒரு அளவு, இன்னொருவர் கைக்கு வேறு அளவு. தலை தட்டினால்தான் யார் போட்டாலும் ஒரே அளவு.

சமையலறையில் தராசு வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? கவலை வேண்டாம். டப்பாவே நமக்குத் தராசு. அதன் மேல் ‘நிகர எடை’ என்று அச்சிட்டிருக்கிறதே, அது போதும்.

ஈரமில்லாத சுத்தமான தட்டில் புது டப்பா மாவைக் கொட்டிப் பரப்புங்கள். கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து நான்கு சம பங்காக்குங்கள். 200 கிராம் டப்பா என்றால் ஒரு பங்கு 50 கிராம். தினம் பயன்படுத்தப் போகிற ஸ்பூனால், அழுத்தாமல், கத்தி முதுகால் தலை தட்டி, அந்த ஒரு பங்கை மட்டும் எண்ணி எடுங்கள். ஆறு ஸ்பூன் வந்தால் ஒரு ஸ்பூன் எட்டு கிராம் சுமார். பத்து ஸ்பூன் வந்தால் ஐந்து கிராம். அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி டப்பாவில் ஒட்டிவிட்டு, அந்த ஸ்பூனையும் உள்ளேயே போட்டு வையுங்கள். வேறு கம்பெனி பவுடர் வாங்கினால் மறுபடி எண்ண வேண்டும். ஒன்றின் கரண்டி மற்றதற்கு உதவாது. கைக்குழந்தையின் பால் பவுடருக்கு இது ரொம்ப முக்கியம். அதற்கு அந்த டப்பாவோடு வந்த கரண்டிதான், தண்ணீரும் டப்பாவில் சொன்ன அளவுதான்.

டானிக் மூடியில் 5, 10 என்று கோடு இருக்கிறதே, அதில் அளக்கலாமா என்று கேட்பீர்கள். அது மில்லி கணக்கு. 10 மில்லி தண்ணீர் 10 கிராம்தான். ஆனால் 10 மில்லி மாவு பாதி எடைகூட வராமல் போகலாம். சலித்த மாவு லேசு, அமுக்கிய மாவு கனம். மில்லியும் கிராமும் ஒன்றல்ல.

வீட்டிலேயே கேழ்வரகு, சாமை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை வறுத்து அரைக்கிறவர்கள், மாவு மில்லிலேயே 100 கிராம் தனியாக நிறுத்து வாங்கி வந்து ஸ்பூனால் எண்ணிக் கொள்ளலாம். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவுப் பாக்கெட்டுக்கும் இதே வழிதான். கைப்பிடியால் அள்ளிப் போட்டால் பாட்டியின் கைப்பிடி வேறு, அம்மாவின் கைப்பிடி வேறு. வீட்டில் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினால் பாக்கெட் சீக்கிரம் தீரும், குழந்தையின் பங்கு குறையும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல அரைக் கிண்ணம் வரை கொண்டு போகலாம். கஞ்சி ஸ்பூனில் நிற்க வேண்டும், சாய்த்தவுடன் தண்ணீராக ஓடக்கூடாது.

இன்னொரு விஷயம். பத்து கிராம் பவுடர் என்றால் பத்து கிராம் புரதம் என்று நினைத்துவிடாதீர்கள். 100 கிராமில் 30 கிராம் புரதம் என்று டப்பாவில் போட்டிருந்தால், பத்து கிராமில் மூன்று கிராம்தான். இரண்டு வேளைக்கும் சேர்த்து ஆறு கிராம், அதாவது ஒரு முட்டையின் அளவு! தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்குப்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இன்னும் 22 கிராம் கூடுதலாக வேண்டும். ஆகவே பருப்பு, பயறு, பால், முட்டை, வேர்க்கடலை இல்லாமல் டப்பா மட்டும் காப்பாற்றாது. டாக்டர் சொல்லாமல் நாமாகப் பவுடர் வாங்கவும் வேண்டாம். 2024-ல் அதே நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரதப் பவுடர்களைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இரட்டை ஜாக்கிரதை தேவை.

கடைசியாக ஒரு சின்ன வேலை. டப்பாவைத் திறக்கிற அன்றே மூடியில் தேதியை எழுதுங்கள். தீர வேண்டிய தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முன்னால் தீர்ந்தால் அளவு கூடுகிறது, நாள் தாண்டியும் மிச்சமிருந்தால் குறைகிறது. இதற்குப் படிப்பும் வேண்டாம், தராசும் வேண்டாம்.

அந்தப் பெண்ணின் இரண்டாவது டப்பா மூடியில் நானே தேதி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கூடவே, முதல் மாதம் அளவு குறைந்து போனதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். “திட்டுவாங்களே அத்தை” என்றாள். “திட்டினா திட்டட்டும்மா. இல்லேன்னா மருந்து வேலை செய்யலைன்னு நினைச்சு வேறே எழுதிடுவாங்க” என்றேன். பத்தாம் நாள் போன் வந்தது. “தீர்ந்துடுச்சு அத்தை, சரியா பத்து நாள்!”

உங்கள் வீட்டு டப்பா எத்தனை நாள் வருகிறது? இன்றைக்கே ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன்.