எல்லா ‘இஃப்’பும் எதிரி இல்லை

மக்களே, கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பர்ல டூ-பிட் பிரெடிக்டர் படம் நாம எல்லாரும் வரைஞ்சிருக்கோம். நாலு வட்டம், எட்டு அம்புக்குறி, முழு மார்க். ஆனா நீங்க எழுதின கோடுல எந்த ‘இஃப்’ பிராசஸரைத் தடுமாற வைக்குதுன்னு கேட்டா பதில் வராது. இன்னொரு பக்கம், கோடிங் போட்டிக்குத் தயாராகிற நம்ம ஆட்கள் சிலர் ‘இஃப்’பைப் பார்த்தாலே தூக்கிட்டு பிட் வித்தை காட்டுறாங்க. அளந்து பார்க்காம இப்படிக் கை வைக்கிறது வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

டீக்கடை மாஸ்டர் உங்க தலையைப் பார்த்ததுமே ஸ்ட்ராங் டீ போட ஆரம்பிச்சிடுவார். தினமும் அதையே குடிச்சா நேரம் மிச்சம். ‘இன்னைக்கு காபி’ன்னு சொன்னா, போட்ட டீ வீண். பிராசஸரும் இதையேதான் செய்யுது: கண்டிஷனோட விடை வருவதற்கு முன்பே ஒரு பக்கத்தை ஊகித்து ஓட ஆரம்பிக்கும். ஊகம் தப்பினால் இன்றைய பிராசஸர்களில் சுமார் 15 முதல் 20 சைக்கிள் போச்சு.

ஆனா அந்த ஊகம் அடிக்கடி தப்பாது. ஜேம்ஸ் ஸ்மித் 1981-லேயே டூ-பிட் கவுண்டரை எழுதிட்டார். 100 முறை சுற்றும் லூப்பில் ஒரு பிட் இரண்டு தடவை தப்பும். இரண்டு பிட் ஒரே தடவைதான். நம்ம பாடம் பெரும்பாலும் இங்கேயே நிக்குது. 1991-ல் யே, பட் இருவரும் பழைய பிராஞ்ச்களின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தாங்க. 2006-ல் செஸ்னெக், மிஷோ கொண்டுவந்த ‘டேஜ்’, வெவ்வேறு நீள வரலாறுகளைப் பார்த்து முடிவெடுக்கும். 2019-ல் வந்த ஏஎம்டி ஸென் 2-வில் அது இருக்கு.

அதனால எப்பவும் ஒரே பக்கம் போற எரர் செக்கை விட்டுடுங்க. அதை கண்டிஷனல் மூவ் ஆக்கினால் ஊகமே இல்லை, சரி; ஆனா கண்டிஷனும் இரண்டு மதிப்புகளும் தயாராகிற வரை காத்திருக்கணும். வேகம் குறையவும் செய்யலாம். டேட்டாவைப் பொறுத்து தாறுமாறா மாறுற ‘இஃப்’தான் உண்மையான வில்லன்.

நீங்களே பாருங்க. 0 முதல் 255 வரை ஒரு லட்சம் ரேண்டம் எண்கள். 128-க்குக் குறையாதவற்றை மட்டும் கூட்டுங்க, ஆயிரம் தடவை. பிறகு அதே எண்களை சார்ட் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க. லினக்ஸில் ‘பெர்ஃப் ஸ்டாட்’ போட்டா பிராஞ்ச் மிஸ் எண்ணிக்கை சரியுறது தெரியும். ஒரு எச்சரிக்கை: ஆப்டிமைசேஷனைக் குறைவா வையுங்க. இல்லேன்னா கம்பைலரே அந்த ‘இஃப்’பைத் தூக்கிடலாம், வித்தியாசமே தெரியாது. நீங்க கையால செய்ய நினைச்ச வேலையை அது ஏற்கெனவே முடிச்சிருக்கும்!

ஜூனியர்ஸ், அந்தப் படத்தை வரைங்க, மார்க் வாங்குங்க. கூடவே லேப்ல ஒரு மணி நேரம் இதுக்குன்னு கேட்டு வாங்குங்க.