போரில் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு நீதி கோரும் மகஜர்

பெறுநர்: ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர், ஜெனீவா
பிரதி: இழப்பீடுகளுக்கான அலுவலகம், கொழும்பு

விடயம்: வன்னி இறுதிப் போரில் மாற்றுத்திறனாளிகளுக்கு இழைக்கப்பட்ட குற்றங்களைத் தனியாகப் பதிந்து விசாரிக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய உயர்ஸ்தானிகர் அவர்களுக்கு,

முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்ட மாற்றுத்திறனாளிகளான நாங்கள் எங்கள் சங்கத்தின் சார்பில் இந்த மகஜரைச் சமர்ப்பிக்கிறோம்.

2009ஆம் ஆண்டில், பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த இடங்களிலேயே எறிகணைகள் விழுந்தன. புதுக்குடியிருப்பு வைத்தியசாலையும் தப்பவில்லை. எறிகணை கூவி வரும் சத்தம் காது கேளாதவருக்கு எட்டவில்லை. முள்ளிவாய்க்கால் மணலில் சக்கர நாற்காலி உருளவில்லை. தூக்கிச் செல்ல ஆளில்லாதவர்கள் பங்கருக்குள்ளேயே விடப்பட்டார்கள். தப்பி வந்தவர்களிலும் கை கால் இழந்தவர்கள் போராளிகளோ என்ற சந்தேகத்துக்கு ஆளானார்கள். எங்களில் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்று தனியாகக் கூறும் பட்டியல் எதுவும் இன்றுவரை எங்களுக்குத் தரப்படவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. போர்க்காலத்தில் எங்களைப் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது அதன் 11ஆவது உறுப்புரை. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான குற்றங்களைத் தண்டிக்காமல் விடக் கூடாதென்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2019இல் தனது 2475ஆம் இலக்கத் தீர்மானத்தில் வலியுறுத்தியது. ஆயினும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அடிப்படையான 1998ஆம் ஆண்டின் ரோம் சாசனம், துன்புறுத்தல் குற்றத்தின் அடிப்படைகளாக இனம், மதம், பாலினம் போன்றவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது, மாற்றுத்திறனைக் குறிக்கவில்லை. இலங்கை அச்சாசனத்தில் இணையவுமில்லை. ஆகவே, ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானப்படி உங்கள் அலுவலகம் தொடங்கிய சாட்சியச் சேகரிப்பையே நாங்கள் நம்பியிருக்கிறோம்.

எமது கோரிக்கைகள்:

1. ஏற்கெனவே மாற்றுத்திறனாளிகளாக இருந்தோர் மீதான குற்றங்களும், போரில் உறுப்பிழந்தோர் மீதான குற்றங்களும், இழைத்தவர் எத்தரப்பினராயினும், தனித்தனியே பதிவாக வேண்டும்.

2. வாக்குமூலம் பெற வீடு தேடி வர வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ளவரின் சாட்சியத்தை அக்காரணத்துக்காகவே தள்ளிவிடக் கூடாது.

3. இலங்கை ரோம் சாசனத்தில் இணைய நீங்கள் வலியுறுத்த வேண்டும். துன்புறுத்தலின் அடிப்படைகளுள் மாற்றுத்திறனையும் சேர்க்குமாறு அச்சாசனத்தின் உறுப்பு நாடுகளிடம் கோர வேண்டும்.

4. உடலில் தங்கிய எறிகணைச் சன்னங்களை அகற்றும் சிகிச்சையும், தேயும்போதெல்லாம் புதிய செயற்கைக் காலும் வாழ்நாள் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். இதை இழப்பீடுகளுக்கான அலுவலகம் உறுதி செய்ய வேண்டும்.

2009இல் எங்களைத் தோளில் சுமந்து வந்த தாய் தந்தையர் இன்று முதுமையில் தளர்ந்திருக்கிறார்கள். வாய் பேச முடியாத பிள்ளைக்கு அவர்களே சாட்சி. அவர்கள் உயிரோடிருக்கும்போதே வந்து கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள் என வேண்டுகிறோம்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்