மூன்றாண்டு நிதியும் எட்டாண்டுப் படிப்பும்



பின்தங்கிய பகுதிகளின் அரசுப் பள்ளிகளுக்குப் பெருநிறுவனங்கள் வகுப்பறை கட்டித் தருவதும் ஸ்மார்ட் போர்டு வழங்குவதும் விழாச் செய்திகளாக வெளிவருகின்றன. உதவிக்காலம் முடிந்தபின் அப்பள்ளிகளின் நிலை என்ன என்பதோ எங்கும் பேசப்படுவதில்லை. இதற்கு நிறுவனங்களைவிட, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் அரசுகளே முதற்பொறுப்பாளிகள்.

நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவில் விதிக்கிறது. சி.எஸ்.ஆர். நிதி எனப்படுவது இதுவே. மேடையில் வள்ளன்மை என்று புகழப்படுவது சட்டக் கடமை என்பதால், பெறுகின்றவர்கள் நிபந்தனை வைப்பதில் நன்றிகேடு எதுவும் இல்லை.

இந்நிதியில் பல ஆண்டுகள் நடத்தப்படும் ‘தொடர் திட்டம்’, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. அதன்பின் அதைப் புதிய திட்டமாகத் தொடரத் தடையில்லை என்றாலும், கட்டாயமும் இல்லை. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்கு உறுதியளிப்பது எட்டாம் வகுப்பு வரையிலான கல்வி. முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை நான்காம் வகுப்பையோ ஐந்தாம் வகுப்பையோ எட்டும்போது, தொண்டு நிறுவனத்தின் வழியே சி.எஸ்.ஆர். ஊதியத்தில் அமர்த்தப்பட்ட ஆசிரியர் விடைபெற நேரலாம். பழுதான புரொஜெக்டரைச் சீர்செய்யும் செலவு தலைமையாசிரியரின் தலையில் விழலாம். 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரு ஆசிரியர் வேண்டும் என்று அதே சட்டம் வரையறுத்திருக்க, அந்த இடத்தை ஒரு நிறுவனத்தின் லாபக் கணக்கை நம்பி நிரப்புவது அரசு தன் கடமையைக் கைமாற்றிவிடுவதேயாகும்.

இடத்தைப் பற்றிய சிக்கலும் உண்டு. நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரப்பட வேண்டும் என்று 135ஆம் பிரிவே கூறுவதால், தொழிற்பேட்டைகளை ஒட்டிய பள்ளிகளுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, ஆலையே இல்லாத ஜவ்வாது மலைப் பள்ளிக்கு எளிதில் கிடைப்பதில்லை. இம்முன்னுரிமை கட்டாயமன்று என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2021இல் விளக்கிய பின்னரும், எந்தப் பள்ளிக்கு எது தேவை என்பதை மாநில அரசே முன்வைக்காவிட்டால், தேர்வு நிறுவனத்தின் வசதிப்படியே நடக்கும். 2022 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் நிறுவனங்களையும் முன்னாள் மாணவர்களையும் பள்ளிகளோடு இணைக்க முயல்வது வரவேற்கத்தக்கது. எனினும், நிதி தருவோரின் விருப்பத்தை நம்பிய ஏற்பாடு எதுவும் ஆசிரியர் நியமனத்துக்கு ஈடாகாது.

எனவே, ஆசிரியர் ஊதியத்தை எக்காரணம் கொண்டும் இந்நிதியின்மீது சுமத்தாமல் அரசே ஏற்க வேண்டும். நிறுவனங்களுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும், திட்டம் முடிந்த பிறகான பராமரிப்புச் செலவு யாருடையது என்பது எழுதப்பட்டு, அந்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்