பசுவைக் காக்கப் புறப்பட்டோர் புல்லைக் காப்பரோ?

2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்ச அவர்கள் இந்நாட்டில் மாடறுப்பை அடியோடு நிறுத்த வேண்டுமென்று முன்மொழிந்தார். அந்த மாதம் முடிவதற்குள் அமைச்சரவை தலையசைத்தது. 2021 ஒக்டோபரில் திருத்த மசோதாக்களுக்கும் அனுமதி கிடைத்தது. அந்த முடிவிலே ஒரு விந்தையும் இருந்தது: மாட்டிறைச்சி உண்போருக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பார்களாம்! உள்நாட்டு மாட்டை அறுத்தால் பாவம்; அயல்நாட்டு மாட்டை அறுத்து, குளிரூட்டி, கப்பலேற்றி, டொலர் கொடுத்து வாங்கித் தின்றால் பாவமில்லை! என்னே இந்த ஜீவகாருண்யம்!

அந்த முடிவு சட்டமாக நிறைவேறவில்லை. ஆயினும் அதைப் பெற்றெடுத்த மனப்பான்மை மறைந்துவிட்டதென்று நாம் நம்பவில்லை. பசுவின் கழுத்தைப் பற்றி இத்தனை கவலைப்பட்டவர்கள், பசுவின் வயிற்றைப் பற்றி ஒரு சொல்லாவது சொன்னார்களா? மாடு எங்கே மேயும் என்று எவராவது கேட்டார்களா? கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் இந்தக் கரையோரத்தின் பட்டிக்காரக் குடும்பங்கள் சார்பில் நாம் கேட்கிறோம்.

பட்டிக்காரன் வாழ்வு எத்தகையதென்று நகரத்திலே அலுவல் பார்க்கும் அன்பர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வாப்பாவும் மகனும் மாட்டுக்காலைக்குள் இறங்குகிறார்கள். இரவெல்லாம் தாயைப் பிரித்துக் கட்டிய கன்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுப் பால் கறக்கிறார்கள். காட்டோரத்தில் மேய்ந்து வாழும் நாட்டுப் பசு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றருக்கு மேல் தருவதில்லை. அந்தப் பாலைக் கானிலே ஊற்றி, மணல் வழியிலே மைல் கணக்காகக் கொண்டு சென்று, வெயில் ஏறுமுன் ஊர் சேர்க்க வேண்டும். பிறகு பட்டியைத் தரைக்கு ஓட்ட வேண்டும். குறி பார்த்து எண்ண வேண்டும். அந்தியில் திருப்ப வேண்டும். இரவிலே யானைவெடியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். திருக்கோவிலிலும் ஆலையடிவேம்பிலும் பட்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தின் நாளும் இதே நாள்தான். தொழும் திசை வேறு, தொழில் ஒன்று.

முன்னாளில் இத்தொழிலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மழை தொடங்கிப் பெரும்போகம் விதைக்கும்போது பட்டி மேட்டுநிலத்துக்குப் போகும். மாசி பங்குனியில் அறுவடை முடிந்ததும் வயலுக்குத் திரும்பும். தாள் மாட்டுக்குத் தீனி. மாட்டின் எரு வயலுக்கு உரம். கமக்காரனும் பட்டிக்காரனும் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்தார்கள். பல வீடுகளிலே இருவரும் ஒருவராகவே இருந்தார்கள்.

1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை பிறந்தது. இங்கினியாகலை அணை எழுந்தது. நீர் வந்தது, இரண்டு போகம் விளைந்தது. அதை நாம் குறைகூறவில்லை. சோறு தின்பவன் எவன்தான் குறைகூறுவான்? ஆனால், சிறுபோகம் வந்த வயலில் மாட்டுக்குரிய மாதங்கள் மறைந்தன. மேட்டுநிலத்தில் ஒரு பகுதி குடியேற்றமாயிற்று. ஒரு பகுதி கரும்புத் தோட்டமாயிற்று. 1954 இல் கல்லோயா தேசிய வனம் எழுந்தது. போருக்குப் பின்னர் வன இலாகாவின் எல்லைக்கற்கள் புதிது புதிதாக முளைத்தன. யானைக்கு வனம் உண்டு; கரும்புக்குத் தோட்டம் உண்டு; நெல்லுக்கு நீர் உண்டு. மாட்டுக்கு என்ன உண்டு? 2022 டிசம்பரில் குளிர்காற்றும் மழையும் சேர்ந்து தாக்கியபோது, வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் வெட்டவெளியில் மாண்டு கிடந்தன. அவற்றை அறுத்தவர் எவருமில்லை. கவலைப்பட்டு மசோதா எழுதியவரும் எவருமில்லை!

இனி அறுப்பு விவகாரத்துக்கு வருவோம். நாகு வளர்ந்தால் பால் தரும். நாம்பன் வளர்ந்தால் என்ன செய்யும்? உழவு இயந்திரம் வயலுக்கு வந்த நாள் முதல் ஏருக்கு மாடு தேவையில்லை. லொறி வந்த நாள் முதல் வண்டிக்கும் தேவையில்லை. இறைச்சிக்கு விற்பதொன்றே அதற்குச் சந்தை. மகளின் கலியாணம், மகனின் பல்கலைக்கழகச் செலவு, வைத்தியச் செலவு எல்லாம் அந்த விற்பனையிலிருந்தே புறப்படுகின்றன. தமிழ் உழவன் வளர்த்த நாம்பனை அக்கரைப்பற்று வியாபாரி வாங்குகிறார்; ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது இருவர் வீட்டிலும் காசு புழங்குகிறது. அறுப்பைத் தடுத்தால் அடிவிழுவது முஸ்லிமின் கறிச்சட்டிக்கு மட்டுமென்று எண்ணுவோர், இந்து உழவனின் மடிப்பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

அண்டை நாட்டு அனுபவம் கண்முன்னே இருக்கிறது. 2017 இற்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் மாடறுப்புக்கும் மாட்டு வியாபாரத்துக்கும் கெடுபிடி இறுகியது. வாங்க ஆளில்லாத மாட்டை உழவன் தெருவில் விட்டான். அது அயலவன் கோதுமையை மேய்ந்தது. அவன் முள்வேலி போட்டான். இரவிரவாகக் காவல் கிடந்தான். இந்திய நாடெங்கும் உரிமையாளரின்றித் திரியும் மாடுகள் ஏறத்தாழ 50 இலட்சம் என்று 2019 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு காட்டியது. சட்டம் காத்த மாடுகள் பிளாஸ்ரிக் பையைத் தின்று தெருவில் நிற்கின்றன! அந்தக் காட்சியைச் சம்மாந்துறை வட்டைகளிலும் காண வேண்டுமா?

சட்டமே இல்லாத நாடா இது? 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மிருகச் சட்டம் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பசுவை அறுப்பதை ஏற்கெனவே தடுக்கிறது. மாட்டுக்குக் குறி வேண்டும், உரிமைச்சீட்டு வேண்டும், கொண்டுசெல்ல அனுமதி வேண்டும். இவற்றை நேர்மையாக நடத்தினால் சினைப்பசு கத்திக்குப் போகாது. களவு மாடு லொறியில் ஏறாது. இருக்கும் சட்டத்தை நடத்தத் தெரியாதவர்கள் புதுச் சட்டம் எழுத விரைவது எதற்காக? வாக்குக்காகவன்றி வேறெதற்காக?

உயர்ந்த இன மாடுகளைக் கொண்டுவந்து நாட்டை உயர்த்துவோம் என்பது மற்றொரு முழக்கம். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 20,000 கறவை மாடுகள் என்று திட்டம் போட்டு, 2017 இல் 5,000 மாடுகளைக் கப்பலில் இறக்கினார்கள். அவற்றுட் பல நோயுற்றன, பல மாண்டன. கடன்பட்டு வாங்கிய சிறு விவசாயிகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். நல்ல இனம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வம்சாவளி ஏட்டில் பெயர் பதிந்த மாடாயினும் அதற்கும் வயிறு உண்டு. சிந்தியோ சாஹிவாலோ எதுவாயினும், புல்லில்லாத தரையில் எலும்புக்கூடாகவே நிற்கும்.

அந்தோ, நம்முடைய குற்றத்தையும் சொல்லாமல் விடுவது எப்படி? வட்டமடுவைப் பாருங்கள். இது மேய்ச்சற்றரை என்கிறான் பட்டிக்காரன். இது நாங்கள் விதைத்த வயல் என்கிறான் கமக்காரன். இது ஒதுக்கிய காடு என்கிறது வன இலாகா. ஆண்டுகள் பல கடந்தும் வழக்குத் தீரவில்லை. பட்டிக்காரருள் பலர் தமிழர். கமக்காரருள் பலர் முஸ்லிம்கள். இரு சாராரின் வாயிலும் தமிழே வழங்குகிறது. ஒவ்வொரு விதைப்புக் காலத்திலும் மோதல்; ஒவ்வொரு தேர்தற் காலத்திலும் வாக்குறுதி! தமிழ்த் தலைவர் ஒரு மேடையிலும், முஸ்லிம் தலைவர் எதிர் மேடையிலும் நின்று தத்தம் மக்களுக்கு வீரம் ஊட்டுகிறார்கள். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு வரைபடத்தை விரித்ததுண்டா? வடக்கே மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைத் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தெருவோரத்தில் அறப்போராட்டம் தொடங்கினார்கள். இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும். நாம் இருவரும் சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போது தரை மூன்றாமவன் கைக்குப் போய்விடும். அப்போது கமக்காரனுக்கு வயலும் இராது. பட்டிக்காரனுக்குப் புல்லும் இராது.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. ஒன்று: அம்பாறை மாவட்டத்தின் மேய்ச்சற்றரைகளை அளந்து, எல்லையிட்டு, வர்த்தமானியில் வெளியிடுக. இரண்டு: உண்மையாகவே விதைத்து வாழ்ந்த கமக்காரனை வெறுங்கையோடு துரத்தாமல் மாற்றுக் காணி கொடுத்து வழக்கைத் தீர்க்குக. மூன்று: தரைக்கு மாடு செல்லும் பாதைகளையும் நீர்நிலைகளையும் அடைப்போர் எவராயினும் அகற்றுக. நான்கு: அறுப்பைத் தடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையூட்டின்றி நடத்துக.

சட்டத்தரணிகளே, நில அளவையாளர்களே, கால்நடை வைத்தியர்களே! உங்களில் எத்தனை பேர் பட்டிப் பாலில் படித்தவர்கள்! நாம்பன் விற்ற காசில் கறுப்பு அங்கி வாங்கியவர் உங்களில் இல்லையா? வழக்காடத் தெரிந்தவர் வழக்காடுங்கள். வரைபடம் போடத் தெரிந்தவர் போட்டுக் கொடுங்கள். கமக்காரத் தோழர்களே! வேலிக்கு அப்பால் நிற்பவன் உங்கள் பகைவன் அல்லன். உங்கள் வயலுக்கு எரு தந்தவன்.

பசுவிடம் அன்புள்ளவன் முதலில் அது மேய இடம் விடுவான். இடத்தைப் பறித்துக்கொண்டு அன்பு பேசுவோரை நாம் நம்பப்போவதில்லை.